கிட்டாருக்கு எதிரே ஒரு நாற்காலி

போன வாரம் பெரியவளை எந்த நிலைமையில் விட்டுவிட்டு வந்தோம் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறந்தவர்களுக்காக இரண்டே வரி. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் முழங்க ஆரம்பித்த இரண்டாவது நிமிஷமே அவளுடைய கிட்டார் ஊளையிட்டது. ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. முன்வரிசையில் ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் குழுத் தலைவரான டிரம்ஸ்காரர் அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாம். சரி பண்ணிட்டு வாங்க. இல்லன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

நாற்பத்தாறு வயதில் முதல்முதலாக ஒரு முழுக் குழுவில் கிடைத்த இடம். பகலெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு 'சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க' என்று வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு, சத்தம் போடக் கிடைத்த ஒரே இடம் அது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

இன்று புதன்கிழமை. அரைநாள் லீவு போட்டுவிட்டு இசைக்கருவிக் கடைக்கு வந்திருந்தாள். கூடவே அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டை நடுவழியில் விட்டுவிட்டு நேராக வந்தவர் மாதிரி, தோளில் கருவிப் பையோடு நின்றார். அதைக் கீழே வைக்கச் சொன்னால் கேட்க மாட்டார்.

கடைக்காரர் கிட்டாரை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்க ஆரம்பித்தார். டாக்டர் கெட்டார் போங்கள்.

"உக்காந்து வாசிப்பீங்களா, நின்னுக்கிட்டா?"

"உக்காந்துதான்."

"டிரம்ஸ் உங்களுக்கு எவ்வளவு தூரம்?"

"கையை நீட்டினா தொடலாம்."

"நைலான் கம்பியை எதால மீட்டுவீங்க? நகமா, விரலா?"

அவள் வலது கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரலும் பக்கத்து மூன்று விரல்களும் நகம் வளர்த்து, அரம் போட்டு, சீராக வளைத்து வைத்தவை. இடது கையில் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. நைலான் கம்பி வாசிப்பவர்களின் இரண்டு கைகளும் இரண்டு வெவ்வேறு ஆட்களுடையவை மாதிரித்தான் இருக்கும்.

"ஊளையிட்டது எந்தச் சுரத்துல?"

"அதெல்லாம் யாருங்க கவனிச்சா? மானம் போச்சேன்னு உக்காந்திருந்தேன்."

கடைக்காரர் சிரிக்காமல் தலையாட்டிவிட்டு உள்ளே போய் இரண்டு கிட்டார்களோடு வந்தார்.

முதலாவது, நல்ல தடித்த வயிறு, அகலக் கழுத்து, நடுவில் வட்டத் துளை. அவள் வீட்டில் வைத்திருப்பதற்கு அக்கா மாதிரி. மடியில் வைத்து ஒரு கம்பியைத் தொட்டாள். சத்தம் பாலாய்ப் பொங்கி வந்தது. "ஆஹா" என்று அவளையும் அறியாமல் சொல்லிவிட்டாள்.

இரண்டாவதற்கு வயிறே இல்லை. துளையும் இல்லை. மூன்று விரல் கனத்தில் ஒரு பலகை. மீட்டினால் மூடிய டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம்.

"இது கிட்டாரா, காய் நறுக்கற பலகையாங்க?"

"வயரைச் சொருகிட்டுத் திட்டுங்க" என்றார் கடைக்காரர். "எல்லாரும் இங்கதான் தப்புப் பண்றாங்க. வயரைச் சொருகறதுக்கு முன்னாடியே காதலிச்சுடறாங்க. மேடையில அந்த வயிறுதான் உங்களுக்கு எதிரி. ஸ்பீக்கர்ல இருந்து வர்ற சத்தம் அந்த வயித்துக்குள்ள போய் அதை ஆட்டும். அந்த ஆட்டம் மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். அது மறுபடி வயித்துக்கு வரும். சுத்திச் சுத்தி வந்தா ஊளைதான்."

கடைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. ஒரு மூலையில் ஆள் உயர மேடை ஸ்பீக்கர். டிரம்ஸும் பேஸும் மட்டும் பதிவு செய்து வைத்திருந்ததை அதில் போட்டுவிட்டார் கடைக்காரர். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இதுதான் உங்கள் சனிக்கிழமை, வாசியுங்கள் என்பது போலக் கையைக் காட்டினார்.

பெரியவள் வயரைச் சொருகிய தடித்த கிட்டாரோடு உட்கார்ந்தாள். பத்து நொடி. அடிக்கம்பியைத் தொட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பியது.

"மோட்டார்ல பேரிங் போகும்போது இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார் கணவர், தொழில் பக்தியோடு.

கடைக்காரர் ஏதோ இரண்டு திருகுகளைத் திருகி கிட்டாரின் சத்தத்தைக் குறைத்தார். முனகல் அடங்கியது. அவள் தொடர்ந்து வாசித்தாள். கிட்டார் நெஞ்சோடு அணைந்து கிடந்தது. ஒவ்வொரு சுரமும் விலா எலும்பு வழியாக உள்ளே இறங்கியது. முகம் மலர்ந்து போயிற்று.

"இதுதாங்க. இதையே எடுத்துக்கறேன்."

"உங்களுக்கு நெஞ்சு வழியாக் கேக்குது" என்றார் கடைக்காரர். "முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு உங்க நெஞ்சு இல்லையே. நீங்க எந்திரிச்சு வந்து அந்த நாற்காலியில உக்காந்து கேக்கணும். வேற யாராவது வாசிக்கணும்."

ஸ்பீக்கருக்கு எதிரே, அறையின் அந்தக் கோடியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது.

"நீங்களே வாசிச்சுக் காட்டுங்களேன்."

"நான் பேஸ் கிட்டார்க்காரன். எனக்கு நகம் இல்லை. நைலான்ல நகம் படற சத்தம்தான் பாதி."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கருவிப் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். தொண்டையைச் செருமினார். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தச் செருமலின் அர்த்தம் தெரியாதா?

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஒண்ணுமில்ல. மாத்திரையை வரச் சொல்லியிருக்கேன்."

மாத்திரை என்பது அவளுடைய ஒரே தங்கை. மருந்துக்கடையில் வேலை. சின்னதாக இருப்பாள், கசப்பாக இருப்பாள், ஆனால் வேலை செய்வாள் என்று மச்சினிச்சிக்கு அவர் வைத்த பெயர். புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அக்காவும் தங்கையும் பதினோரு வருஷம் ஜோடியாக மேடையில் வாசித்தவர்கள். இரண்டு நாற்காலி, இரண்டு கிட்டார், நடுவில் ஒரே ஒரு மைக். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் தங்கை, "இனிமே நான் வரலக்கா" என்று சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. அவளுக்குப் பொறுமை போதாது என்று பெரியவள்தான் ஊரெல்லாம் ஒரு காரணத்தைச் சொல்லி வைத்தாள். அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் 'சாப்டியா', 'உடம்பு எப்படி இருக்கு' என்பதற்கு மேல் பேச்சு இல்லை.

"அவ கிட்டாரைத் தொட்டு மூணு வருஷம் ஆச்சு. அவளைப் போய்க் கூப்பிட்டிருக்கீங்களே!"

கண்ணாடிக் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தங்கை உள்ளே வந்தாள். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

"அரை மணி நேரம்தான் பர்மிஷன்" என்றாள் பொதுவாக. பிறகு, "எப்படி இருக்கக்கா?"

"இருக்கேன். சாப்டியா?"

"ம்."

அவ்வளவுதான். மேற்கொண்டு யாரும் எதுவும் பேசுவதற்குள் கடைக்காரர் தடித்த கிட்டாரைத் தூக்கித் தங்கையிடம் நீட்டிவிட்டார். நீட்டினால் வாங்கத்தானே வேண்டும்? பைக்குள்ளிருந்து கைகள் வெளியே வந்தன.

பெரியவள் பார்த்துவிட்டாள். வலது கை நகங்கள் நீண்டு, அரம் போட்டு, வழுவழுவென்று இருந்தன. இடது கை நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. அந்தக் கையின் விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. மூன்று வருஷம் தொடாத கை இல்லை அது. மூன்று நாள் தொடாத கைகூட இல்லை.

தங்கையும் அக்கா பார்ப்பதைப் பார்த்தாள். உட்கார்ந்து கால்மேல் கிட்டாரை வைத்துக்கொண்டாள்.

பெரியவள் போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். டிரம்ஸ் முழங்கியது. தங்கை வாசித்தாள். விரல்கள் ஓடுவது நன்றாகத் தெரிந்தது. சத்தத்தைத்தான் காணோம். பாதிச் சுரம் டிரம்ஸுக்குள் போய் ஒளிந்துகொண்டது. மீதி, யாரோ பக்கத்து வீட்டில் அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி 'டொப் டொப்' என்று வந்தது. நெஞ்சில் அணைத்தபோது பாலாய்ப் பொங்கியது இதே கிட்டார்தானா?

"கொஞ்சம் அழுத்தி வாசிடி."

"இதுக்கு மேல அழுத்தினா கம்பிதான் அறும்."

"நான் வாசிச்சப்பவும் இப்படித்தான் கேட்டுதா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் வாசிக்கறீங்க" என்றார் அவர். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கடைக்காரர் பலகையை எடுத்துக் கொடுத்தார். வயரைச் சொருகினார். கம்பிகள் வந்து அழுந்துகிற பாலத்துக்கு அடியில் ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது, கம்பியின் அதிர்வை அது மட்டும்தான் பிடிக்கும், ஸ்பீக்கர் போடுகிற கூச்சலைக் காதில் வாங்கிக்கொள்ள இதற்கு வயிறு கிடையாது என்று விளக்கினார். பெரியவள் அரைக்காதாகக் கேட்டாள். அவளுக்கு இன்னும் தடித்த கிட்டார் மேல்தான் மனசு.

தங்கை கழுத்தை ஒரு தடவை மேலும் கீழும் தடவிப் பார்த்துக்கொண்டாள். "கழுத்து கொஞ்சம் ஒடுக்கம். உன் விரலுக்குப் பழக ரெண்டு நாள் ஆகும்" என்றாள். பிறகு வாசித்தாள்.

டிரம்ஸ் அதேபோலத்தான் முழங்கியது. ஜன்னலும் அதேபோலத்தான் அதிர்ந்தது. ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்து வைத்தது மாதிரி நாற்காலி வரைக்கும் வந்து சேர்ந்தது. முனகலே இல்லை. கீழ்க்கம்பிகளில் மெதுவாக நடந்து, திரும்பி, ஓரிடத்தில் தயங்கி, மறுபடி மேலே ஏறி வந்த ஒரு மெட்டு. பெரியவள் கிட்டாரை மறந்துவிட்டு மெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒன்றை இவள் எங்கே பிடித்தாள்?

"என்ன பாட்டுடி அது? எங்க கத்துக்கிட்ட?"

தங்கையின் கை நின்றது. "விளையாடறியாக்கா?"

"இல்லடி, நிஜமாத்தான் கேக்கறேன். ரொம்ப நல்லா இருக்கு."

"நம்ம பாட்டு. கடைசியா வாசிச்சு முடிப்போமே, அது. நீ மேல வாசிப்ப, நான் கீழ வாசிப்பேன். இது நான் வாசிக்கற பாதி."

கடைக்காரர் டிரம்ஸை நிறுத்தினார். அறை சட்டென்று அமைதியானது.

பெரியவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பதினோரு வருஷம் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து வாசித்ததை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவளுடைய மெட்டு ஓடும்போது கீழே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அது அவளுக்குத் தெரியும். அது ஓடுகிறது என்பதுதான் தெரியும். அது என்ன சொல்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாளா?

"இவ வாசிச்சது உங்களுக்குக் கேட்டுருக்குமே?" என்று கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க முன்வரிசையிலதானே உக்காருவீங்க?"

அவர் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டார். "உன்னோடது நல்லாக் கேக்கும்."

"அவளோடது?"

"கை அசையறது தெரியும்."

"அடப்பாவி மனுஷா! பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"எப்படி இருந்துச்சுன்னு கேப்ப. நல்லா இருந்துச்சுன்னு சொல்வேன். நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் அவர் பரிதாபமாக.

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படுவதற்காகவே மூன்று வருஷம் காத்திருந்தவள், அத்தானுடைய முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"மைக் எங்க நிக்கணும்னு நீதானேக்கா முடிவு பண்ணுவ" என்றாள், சிரிப்பு அடங்கியதும். "உன் நாற்காலியில உக்காந்து ரெண்டு வரி வாசிச்சுப் பாத்துட்டு, சரியா இருக்குன்னுவ. உன் நாற்காலிக்கு சரியாத்தான் இருந்துச்சு."

"நீ வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமேடி!"

"சொன்னேன். மூணு தடவை. எனக்குக் கேக்குதேன்னு சொல்லிட்டுப் போயிட்ட."

பெரியவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. மூன்று தடவையா என்பது தெரியாது. ஒரு தடவை நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவள் கம்பியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள், தங்கையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அதைச் சொன்னாள். அவமானமாக இருந்தது. முந்நூறு பேர் முன்னால் கிட்டார் ஊளையிட்டபோது பட்ட அவமானம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். "உனக்குப் பொறுமை இல்லன்னு எல்லார்கிட்டயும் வேற சொன்னேன்."

"அதுவும் தெரியும். மருந்துக்கடைக்கு வராத ஆள் உண்டா?"

வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்க வழி கேட்டு ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் நாசூக்கானவர். ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த தடித்த கிட்டாரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்தப் பலகையையே எடுத்துக்கறேன்" என்றாள் பெரியவள் ஒருவழியாக. "பாக்க சகிக்கல. ஆனா கேக்குது."

"அக்கா, பில் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்." தங்கை கிட்டாரை மடியில் படுக்க வைத்தாள். "திங்கக்கிழமை உங்க டிரம்ஸ்காரர் எங்க கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்க வந்தார். சில்லறை கொடுக்கறப்ப என் நகத்தைப் பாத்துட்டார். நைலான் வாசிப்பீங்களான்னு கேட்டார். ஆமான்னேன். சனிக்கிழமை எங்க குழுவுல வாசிக்க வர்றீங்களான்னார். நாம அக்கா தங்கச்சின்னு அவருக்குத் தெரியாது."

பெரியவள் நிமிர்ந்தாள். "வேற ஆளைப் பாத்துக்கறேன்னாரே..."

"அது நான்தான்."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். இன்னும் சொல்லல."

"அப்புறம் எதுக்குடி இங்க வந்து எனக்கு வாசிச்சுக் காட்டற?"

"அத்தான் கூப்பிட்டார். வராம இருந்திருக்கலாம்தான். ஆனா உன் கிட்டார் கத்தினதால எனக்கு ஒரு இடம் கிடைச்சா, அதுல எப்படிக்கா உக்காந்து வாசிக்கறது? உன்கிட்ட நல்ல கிட்டார் இருக்கணும். அதுக்கப்புறமும் அவர் என்னைக் கூப்பிட்டா, அது வேற."

பெரியவள் எழுந்து வந்து தங்கைக்குப் பக்கத்தில் நின்றாள். இந்த இடத்தில் ஒரு நல்ல அக்கா, நீயே வாசிம்மா என்று சொல்லியிருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை வேறு தடவியிருப்பாள். நம்முடைய பெரியவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"அந்த இடம் எனக்கு வேணும்டி" என்றாள்.

"தெரியும்."

தங்கை கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து, ஓசை எழாமல் அழுத்திக்கொண்டாள்.

"எனக்கும் வேணும்க்கா."

அதில் சண்டை இல்லை, அழுகை இல்லை. பசிக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அதைக் கேட்டதும் கோபம் வர வேண்டும். வரவில்லை. இவளுக்கு என்ன வேண்டும் என்பதை இவள் வாயாலேயே இப்போதுதான் கேட்கிறோம் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

லிஃப்ட்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார், மறுபடி கழற்றினார்.

கடைக்காரர் பலகையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "இந்த மாடல்ல இது ஒண்ணுதாங்க இருக்கு. அடுத்தது வர மாசக் கடைசி ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தார். இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேரண்டி கார்டுல யார் பேரை எழுதட்டும்?"

தங்கைக்கு இரண்டு வயது ஆனதிலிருந்து இருவருக்கும் சேர்த்துப் பதில் சொல்வது பெரியவள்தான். என்ன வயசு, என்ன படிக்கிறாள், என்ன வாசிக்கிறீர்கள், காபியா டீயா, எல்லாவற்றுக்கும். வாய் தானாகத் திறந்துகொண்டது.

மூடிக்கொண்டாள்.

பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றாள்.